நாளை பத்து மணிக்கு

கணினி என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள் நம் நூலகர். அந்த வேலையெல்லாம் உதவி நூலகரின் பாடு. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பெண் என்பதால் நூலகர் அவளுக்கு வைத்த பெயர் வாலு. ஒரே கூடமும் ஒரு பின்னறையும் மட்டுமே உள்ள அந்தச் சின்ன நூலகத்துக்கு இணையதளம் கட்டி, தினமும் ஓர் அறிவிப்பு எழுதி, வாலு அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

கடைசியாகக் கற்ற வித்தையை அவள் நூலகரின் மேசைக் கணினியில்தான் செய்து பார்த்தாள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். திறந்ததே!

"பாத்தீங்களா அக்கா? நெட் செத்தாலும் நம்ம பக்கம் சாகாது."

"போடி, எனக்கு வேற வேலை இல்ல?" என்றார் நூலகர்.

அடுத்த வாரம் தலைவலி என்று வீட்டிலிருந்தபடியே அறிவிப்புப் போட்டாள்: 'இன்று எனக்கு விடுமுறை. நாளை பத்து மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை அக்காவைத் தொல்லை செய்யாதீர்கள்.'

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போய்விட்ட செய்திதான் வந்தது.

அறிவிப்பு அப்படியே தொங்கியது. பார்த்தவர்கள் சங்கடப்பட்டார்கள். எடுத்துவிடச் சொன்னது தலைமை அலுவலகம். யார் எடுப்பது? வேறு நாதியில்லை, நூலகர்தான். தலைமுடியெல்லாம் நரைத்த பிறகு வீடியோ பார்த்து வெப் பக்கம் எழுதப் படித்தார், பாவம். எழுத்தைத் தடிமனாக்கும் ஒரு குறியை மூட மறந்ததில் பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாகி, 'அமைதி காக்கவும்' என்ற வரிதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கத்தியது.

எப்படியோ தட்டுத் தடுமாறி அறிவிப்பை அழித்துச் சேமித்தார். பக்கத்தைத் திறந்தால் அது அங்கேயே இருந்தது. மறுபடி பார்த்தார். கோப்பில் இல்லை, திரையில் இருந்தது.

"ஏண்டி, போக மாட்டியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பேய் பிசாசை நம்பாதவர்தான். ஆனாலும் அன்றிலிருந்து வாலுவின் காலி நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

கடைசியில் தலைமை அலுவலகக் கணினிக்காரருக்குப் போன் போட்டார்.

"எங்களுக்குப் புதுசுதான் வருது மேடம். உங்க மெஷின்ல பழைய பக்கம் சேவ் ஆகியிருக்கு. நெட் இல்லாட்டியும் திறக்கணும்னு யாரோ செஞ்சு வச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல போய் அதை அழிச்சா போயிடும்."

"யாரோ இல்லப்பா," என்றார் நூலகர். போனை வைத்துவிட்டார்.

பயம் போயிற்று. வந்தது அதைவிட மோசம். பேய் என்றால் விரட்டலாம். இது அந்தப் பாவிப் பெண் தன் கையால் செய்து வைத்துவிட்டுப் போனது. எப்படி அழிப்பது? புது அறிவிப்புகளைக் கணினியில் எழுதி, சரியாக வந்திருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டார். கணினியில் மட்டும் வாலு நாளை வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தினமும் பத்து மணியானால் நூலகரின் கண் வாசலுக்குப் போகும். இராத்தூக்கமும் கெட்டது.

இனித் தாங்காது என்று ஒருநாள் காலையில் முடிவெடுத்தார். செட்டிங்ஸைத் திறந்தார். 'அழிக்கவா?' என்று கேட்டது கணினி. மவுஸின் மேல் விரலை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாலுவின் அம்மா உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. தன் கைப்பேசியை மேசையில் தள்ளினார்.

"ரெண்டு வாரமா இதுல அவளைத் தேடறேன். போன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீ அழிச்சுட்டேன்னு என் பையன் சொல்றான். அக்கா அக்கான்னு உன்மேல உயிரையே வச்சிருந்தாளேம்மா, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நூலகர் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். எழுந்து தன் நாற்காலியில் அந்த அம்மாவை உட்கார வைத்து, பக்கத்தைத் திறந்து காட்டினார்.

அந்த அம்மா விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். அக்காவைத் தொல்லை செய்யாதீர்கள் என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாருக்கும் இது தெரியுதா?"

"இல்லம்மா. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் சொல்லிட்டு இருக்கா," என்றார் அம்மா. மறுபடி முதல் எழுத்திலிருந்து படித்தார். புத்தகம் திருப்பித் தர வந்தவர்கள் ஏனோ சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த அம்மா எழுந்தபோது திரையிலிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

"கோவத்துல ஏதேதோ பேசிட்டேன். நாளைக்கும் வரட்டுமாம்மா?"

தாங்காது என்று நூலகர் முடிவெடுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"வாங்கம்மா," என்றார். "பத்து மணிக்கு வாங்க."