தாளைக் கழித்த விலை

அவரைப் பெரிய பதிப்பாளர் என்று சொல்ல முடியாது. முப்பத்தோரு வருடத்தில் நூற்றுப் பத்துப் புத்தகம் போட்டிருக்கிறார்; அவற்றில் பாதியைப் போடாமலே இருந்திருக்கலாம் என்று அவரே சொல்வார். ஆனால் எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் உள்ளங்கையில் ஒரு தடவை ஏற்றி இறக்கிவிட்டுப் பக்கக் கணக்கைச் சொல்வார், பக்கத்தை வைத்து விலையைச் சொல்வார். பெரும்பாலும் தப்பாது. அதனால் அவருக்குத் 'தராசு' என்று பெயர். கடைவீதிக்குப் போகும்போது மட்டும் அந்தத் தராசு வீட்டிலேயே தங்கிவிடும் என்பது அவர் மனைவியின் புகார்.

அவருடைய பதிப்பகம் மாடிப்படிக்குப் பக்கத்தில் இரண்டு அறை. முன்னறையில் மேசை, கணினி, பிழை திருத்தும் படிகள். பின்னறையில் சணல் கயிறு கட்டிய புத்தகக் கட்டுகள். பழைய தாள் வாசனை பிடிக்காதவர்கள் உள்ளே வந்தால் தும்முவார்கள்.

அவர் போட்டவற்றில் நின்று விற்றது ஒரு நர்சம்மா எழுதியது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, வீட்டில் கிடக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதினார். முதல் பாகம் குழந்தைகள், இரண்டாம் பாகம் வயதானவர்கள். மூன்றாம் பாகம், இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு. அது எப்போது வரும் என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு போனாவது வரும். தராசு தன் ஆயுளில் ஒரு புத்தகத்தைக் கட்டாயம் போட்டாக வேண்டும் என்று நினைத்தது அதைத்தான்.

அதற்கு வழி பண்ணவே முதல் இரண்டு பாகங்களையும் மின்நூலாகப் போடச் சம்மதித்தார். போனில் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்தால் மூன்றாம் பாகத்துக்குக் கேட்பும் கூடும், கடைக்காரர்களும் முன்பதிவு கொடுப்பார்கள் என்பது எண்ணம். வங்கியில் வேலை பார்க்கும் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்நூல் கம்பெனியின் படிவத்தை நிரப்பினாள். தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம் எல்லாம் ஏறியது. விலை என்ற கட்டத்துக்கு வந்ததும் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் ஒரு திருத்தப் படியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். தாள் இல்லை, அடித்தார். அச்சுக் கூலி இல்லை, அடித்தார். தைப்பு, அட்டை, வண்டி வாடகை, கடைக்காரருக்குத் தரும் கழிவு, ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியது அச்சுப் புத்தக விலையில் ஏழில் ஒரு பங்கு, இரண்டு காபி குடிக்கும் காசு.

கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாள் மகள்.

"இல்லாத தாளுக்குக் காசு வாங்கச் சொல்றியா?" என்றார்.

இதை நேர்மை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒருபோதும் ஏமாற்றியதில்லை என்பது உண்மை. ஆனால் முப்பத்தோரு வருடமாகத் தாளுக்குத்தான் விலை போட்டு வந்திருக்கிறார். எழுத்து அந்த விலைக்குள் சும்மா ஏறிப் பயணம் செய்திருக்கிறது. வண்டியை எடுத்துவிட்டதும் பயணி நடுத்தெருவில் நின்றார்.

முதல் வாரம் மின்நூல் நன்றாகவே போனது. இரண்டாம் வாரம் ஒரு பெரிய புத்தகக் கடைக்காரர் போன் செய்தார். வாடிக்கையாளர்கள் புத்தகத்தின் பின்னட்டை விலையையும் போனில் உள்ள விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம்.

"இத்தனை நாளா எங்ககிட்ட வெறும் பேப்பருக்கா காசு வாங்குனீங்கன்னு கேக்குறாங்க அண்ணே. நான் என்ன பதில் சொல்ல?"

விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. கட்டுகள் வந்தன, பலவற்றில் இவர் போட்ட முடிச்சே அவிழாமல் இருந்தது. மூன்றாம் பாகத்துக்கு முன்பதிவு கேட்டபோது அந்தக் கடைக்காரர் பேச்சை மழையின் பக்கம் திருப்பினார். மற்றவர்கள் அதுவும் செய்யவில்லை.

மகளைக் கொண்டு மின்நூல் விலையை மூன்று மடங்கு ஏற்றிப் பார்த்தார். பத்து நாளில் இரண்டு பிரதி. வாங்கிய ஒருவர், போன வாரம் வரை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு இப்போது கொள்ளையடிக்கிறார்கள் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். அதை நர்சம்மாவின் பெயருக்குக் கீழே பார்த்ததும் பழைய விலைக்கே இறக்கச் சொல்லிவிட்டார். ஏற்றினால் மின்நூல் போகவில்லை, இறக்கினால் அச்சுப் புத்தகம் நிற்கவில்லை.

அந்த வாரம்தான் நர்சம்மா வந்தார். சொன்ன தேதிக்கு மூன்றாம் பாகத்தை முடித்து, துணிப்பையில் எடுத்து வந்திருந்தார். கையெழுத்துப் பிரதி, நாடா போட்டுக் கட்டியது. உட்கார்ந்ததும் திரும்பி வந்த கட்டுகளைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பி மகன் போனில் விலையைக் காட்டியதாகச் சொன்னார். தராசு எல்லாவற்றையும் விளக்கினார்: தாள் கழித்தது, தைப்பு கழித்தது. எழுதிய காகிதத்தையே எடுத்துக் காட்டினார். நர்சம்மா அதை நோயாளியின் அட்டையைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

"கம்மி விலைக்கு வாங்கிப் படிக்கிறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல சார். இல்லாதவங்களுக்குச் சும்மாகூடக் குடுக்கலாம். ஆனா எல்லாத்தையும் அடிச்சுட்டு மிச்சம் இருந்ததை எனக்கு வச்சிருக்கீங்க."



நர்சம்மா நாடாக் கட்டை மேசையில் வைத்தார். "இதை அச்சுல போட முடியாதுன்னு தெரியுது. போன்லயே போடுங்க. தாளே இல்லாம இதுக்கு ஒரு விலை சொல்லுங்க, குடுத்துட்டுப் போறேன்."

தராசின் வலது கை தானாக நகர்ந்து கட்டுக்கு அடியில் போனது. ஒரு விரற்கடை தூக்கி இறக்கியது. "முந்நூத்தி..." என்று பக்கக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தவர் நர்சம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கையை எடுக்கவும் தோன்றவில்லை.

நர்சம்மா சிரித்தார் என்றுதான் தராசு சொல்கிறார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்கிறார். கட்டை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யோசிச்சு வைங்க சார். வரேன்."

எப்போது என்று சொல்லவில்லை. ஆறு மாதமாகிறது. போன்கள் இன்னும் வருகின்றன. கேட்டவர்களில் சிலருக்கு இனி அந்தப் புத்தகம் தேவைப்படாது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மாதம் விடாமல் கேட்ட ஒரு பெண் இப்போது கூப்பிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடு உட்கார்ந்தார். என்ன விலை சொல்வது என்று தெரிய வேண்டுமானால் வாசகனைப் போல ஒரு தடவையாவது படிக்க வேண்டும். மகளின் போனை வாங்கி முதல் பாகத்தைத் திறந்தார். பிழை திருத்த நான்கு முறை படித்திருக்கிறார், படிப்பதற்காகப் படித்ததில்லை. கையில் போன் எடையே இல்லாமல் இருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்து, விலை ஏதாவது தோன்றியதா என்று கேட்டாள். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் பதினோரு அச்சுப்பிழைகளைக் குறித்து வைத்திருந்தார்.