நூறு கெஜத்துக்குள் ஒரு கடை

ஹைதராபாத் பாலாநகரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஒரு ஜூன் மாதம், புகையிலைக் கண்காணிப்புப் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் நோட்டுத் திருத்தக் குனிந்தால் பையன்களின் சட்டையில் சிகரெட் வாடை அடித்த காலம் அது. முடியாதென்று சொல்ல வாய் வரவில்லை.

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் சிகரெட்டோ குட்காவோ விற்கக் கூடாது என்பது சட்டம். வாட்ச்மேன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் நடந்தேன். அளந்த இடத்தில் சாலைக்குக் குறுக்கே மஞ்சள் கோடு போட்டோம். உள்ளே மூன்று கடைகள் இருந்தன. இரண்டு பேர் நோட்டீஸைப் பார்த்ததும் சரக்கை எடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் ஐம்பது வயதுக்காரர், பான் கடை. நோட்டீஸைப் படித்து, நான்காக மடித்து, வெற்றிலைத் தட்டுக்கு அடியில் செருகினார்.

“நக்கோ மேடம்,” என்றார்; வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் பேச்சு. கோபமே இல்லை. பிறகு இந்தியில் சொன்னார்: “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? உங்க பொண்ணு நாலரைக்குச் சர்ச் முன்னாடி வேன்ல இருந்து இறங்குது, இல்ல?”

என் வீடு செகந்திராபாத்தில். மகளின் பள்ளியும் அந்தச் சர்ச்சும் அங்கேதான். இந்த மனிதரை அதற்கு முன் நான் ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

“விட்டுரு. வேற யாராவது பாக்கட்டும்.”

“அந்தக் கடை மேல புகார் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. ஸ்டேஷனுக்கே போயிடுச்சு.”

அன்றிலிருந்து ஜன்னலுக்கு வெளியே எந்த பைக் நின்றாலும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

நான்காம் நாள் மகளைக் கூட்டிவர நான் சர்ச்சுக்குப் போய்ச் சேர நாலே முக்காலாகிவிட்டது. வேன் போய்விட்டிருந்தது. மகளைக் காணவில்லை. வேன் டிரைவருக்குப் போன் செய்தேன். எப்போதும்போல அங்கேயே இறக்கிவிட்டதாகச் சொன்னார். யாரையாவது கேட்கலாமென்று எதிரே இருந்த மளிகைக் கடைக்கு ஓடினேன். வாசலில் அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் அதே பான் கடைக்காரர்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“பேபியா? ஜெராக்ஸ் கடைக்குப் போச்சு, அதோ.”

சுருட்டிய சார்ட் பேப்பரோடு மகள் வந்தாள். “எங்கடி போன?” என்று நடுத்தெருவில் கத்தினேன். “ப்ராஜெக்ட் உந்தி மம்மி,” என்றாள், முகம் வெளுத்து; ப்ராஜெக்ட் இருக்கிறதாம், பள்ளியில் பழகிய தெலுங்கில். அவளை நான் அப்படி இழுத்துக்கொண்டு போனதே இல்லை.

அந்த மளிகைக் கடை அவருடைய மைத்துனருடையது என்றும், தினமும் மாலையில் சரக்கு கொண்டுவருவார் என்றும் பிறகு விசாரித்தபோது தெரிந்தது. என் மகளை அவர் தெரிந்துவைத்திருந்த காரணம் புரிந்தது. அன்று அதை எதற்காகச் சொன்னார் என்பது இன்றுவரை தெரியவில்லை. மிரட்டலா, வெறும் பேச்சா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் போலீஸும் மாநகராட்சி ஆட்களும் வந்து சிகரெட், குட்கா எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனார்கள். தலைமையாசிரியையின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பான் கடைக்காரர் என்னைப் பார்க்காமல் காலித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கே பிஸ்கட்டும் சிப்ஸும் தொங்கின. எட்டாம் வகுப்பில் அந்த வாடை குறைந்தது, நிற்கவில்லை.

மகளை அந்த வேனிலிருந்து நிறுத்தி, வேறு தெரு வழியாக வரும் ஆட்டோவில் சேர்த்தோம். மறு ஜூனில் அதே பொறுப்புக்கான தாளைத் தலைமையாசிரியை மறுபடி நீட்டினார். “என்கூட இன்னொரு டீச்சரும் வரணும், தனியா போக மாட்டேன்,” என்றேன். அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இந்த வருடமும் கோட்டுக்குப் புது மஞ்சள் அடித்தோம். அடித்து முடிக்கும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.