ஒட்டு மாஸ்டரின் மூக்கு

பழைய பிளாஸ்டிக் சாமான் எது உடைந்தாலும் அந்தத் தெருவுக்கு ஒட்டு மாஸ்டர்தான் கதி. ரேடியோப் பெட்டியோ பொம்மையோ, வாங்கியவுடன் பசையைத் திறக்கிற ஆள் இல்லை அவர். நகத்தால் கீறுவார், தட்டிப் பார்ப்பார், யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் கரைப்பானை ஒரு சொட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

"என்னைக் கட்டிக்கும்போது இவ்வளவு யோசிச்சீங்களா?" என்பாள் மனைவி.

"யோசிச்சிருந்தா நீ தப்பிச்சிருப்பே."

ஒருநாள் பக்கத்துத் தெருத் தையற்காரி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பையோடு வந்தாள். கைப்பிடி தனியாக இருந்தது. அவள் அப்பாவுக்கு நினைவு தவறிக்கொண்டிருந்தது. பெற்ற மகளையே யாரோ என்று பார்க்கிறவர், இளவயதில் வாங்கிய அந்தக் கோப்பையை மட்டும் மறக்கவில்லை. வேறு எதில் தண்ணீர் கொடுத்தாலும் வாயை இறுக மூடிக்கொள்வார்.

"கரண்டியில ஊட்டுறேன், பாதி வெளியில வழியுது. இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி வழியாத்தான் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணே."

சட்டென்று பிடிக்கிற பசை ஓரத்தில் வெள்ளை பூத்துவிடும், தண்ணீர்க் கனத்துக்கும் தாங்காது. இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூசுவது நாளடைவில் பழுப்பேறிக் கோடு காட்டும். சொட்டு வைத்த இடம் பிசுபிசுத்தது. அப்படியானால் கரைப்பான் தடவி இளக்கி ஒட்டுவதுதான் சரி, இரண்டு துண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். காய்ந்தபின் விரலை ஓட்டினார். ஒட்டுப்போட்ட இடம் அவருக்கே தட்டுப்படவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தொழில் சுத்தம்.

"வாடை எதுவும் வருதா பாரு."

மனைவி மோந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே."

பெருமை தாங்காமல் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவரின் முகம் மலர்ந்தது. மகள் தண்ணீர் ஊற்றி நீட்ட, இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனதும் தள்ளிவிட்டார். தண்ணீர் மகள் மடியில் கொட்டியது.

"இது என்னோடது இல்ல."

தையற்காரி எடுத்து மோந்தாள். "பெயின்ட் வாடை அடிக்குதே அண்ணே."

மாஸ்டர் மோந்தார். மறுபடியும் மோந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பசைக்கு நடுவிலேயே குடும்பம் நடத்தியவளிடம் போய் வாடை வருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

ஒட்டுப்போட்டது வெளியே தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. அன்று அதை விட்டார். கைப்பிடியை அங்கேயே உடைத்தார். பசை பட்ட இடத்தைப் பிளேடால் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவினார். சூடு காட்டிய ஊசியால் கைப்பிடியிலும் கோப்பையில் மிஞ்சியிருந்த அதன் முனைகளிலும் துளை போட்டுச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பெரியவர் கோப்பையை மோந்தார். தள்ளிவிடவில்லை, குடிக்கவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டு மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்த ஆளைத் தள்ளிப் போகச் சொல்லும்மா. நாத்தம் தாங்கல."

தையற்காரி கூசிப்போனாள். மாஸ்டர் எழுந்து வாசலைத் தாண்டி நின்றார். உள்ளே மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும்மா," என்றார் வெளியிலிருந்தே. "முழுசாக் குடிக்கட்டும்."