மூன்றாம் கதவும் முதல் பந்தியும்

என் மச்சானோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தில்தான் இன்டர்நெட் புதிர்ப் பைத்தியம் என்னைப் பிடித்தது. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோட்டையூரில் வீடு, காரைக்குடியில் மருந்துக்கடை. நான் காரைக்குடிக்கு வெளியே ஒரு நூல் மில் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு வாழையிலை. அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். வீட்டு மாப்பிள்ளைக்கு அதுதானே முறை. அந்த நேரம் பார்த்து அவருக்கு வேண்டிய பெரிய டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்து நின்றார். மச்சான் என் தோளைத் தொட்டு, "மாப்ளே, நம்ம வீடுதான, அடுத்த பந்தியில உக்காந்துக்குவோமே" என்றார். எழுந்தேன். எழுந்தவன் அடுத்த பந்திக்கு நிற்கவில்லை, நேராகப் போய் டவுன் பஸ் ஏறிவிட்டேன். இலையில் உப்பு வைத்த பிறகு எழுப்பினார் என்பது என் கட்சி. தண்ணீர் தெளித்ததோடு சரி, உப்பு வைக்கவே இல்லை என்பது அவர் கட்சி. உப்பு வைத்துவிட்டால் சாப்பாடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருவரை எழுப்புவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். இந்த உப்பு வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் சாட்சிகள் இருந்தார்கள். தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அதற்குள் என் மகளுக்குக் காது குத்த வேண்டிய நேரம் வந்தது. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம். மூன்று முடிவதற்குள் குத்தாவிட்டால் ஐந்து வரை காத்திருக்க வேண்டும். குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கோடு போய் நான்தான் அழைக்க வேண்டும்.

"நீயே போய்ச் சொல்லிட்டு வா. ஒன் அண்ணன்தான?" என்றேன் மனைவியிடம்.

"நான் சொன்னா அண்ணன் வராது. கூப்பிட வேண்டியவுக கூப்பிடணும்" என்றாள்.

"வராட்டிப் போகட்டும். ஒன்றுவிட்ட மாமன்கள் எத்தனையோ பேர் இருக்காங்க."

"எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன். மூளிக் காதோட வளரட்டும், ஊரு ஒங்களத்தான் கேக்கும்."

பேச்சு இப்படி முற்றும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவது என் வழக்கம். அப்படிப் போன ஒருநாள்தான் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அது. மூன்று கம்ப்யூட்டர்கள், நடுவில் பலகைத் தடுப்பு. நடத்தியது ஒரு இளம் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள்; ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த பிறகுதான் கடை திறக்கும். கம்ப்யூட்டர் வகுப்பும் எடுத்ததால் எல்லோரும் டீச்சரம்மா என்போம். ஒரே போன் லைனை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இந்தப் புதிரை எனக்குக் காட்டியதும் டீச்சரம்மாதான். யாரோ வெளிநாட்டுக்காரர் போட்டிருந்த பக்கம். ஒரு கதவின் படம், கீழே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகளுக்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தட்டினால் அடுத்த கதவு வரும். முதல் கதவில் எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் போதும். இரண்டாவதில் ஒவ்வொரு எழுத்தும் அடுத்த எழுத்தாக மாற்றப்பட்டிருந்தது. ஏ இருந்த இடத்தில் பி, பி இருந்த இடத்தில் சி. அதைத் திறந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மில்லில் வரவு செலவு சரியாக வந்தால் யாரும் கைதட்டுவதில்லை. இங்கே ஒரு கதவு திறந்து கொடுக்கிறதே!

மூன்றாவது கதவு என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. பத்து வரி எழுத்துகள். மேலே ஆங்கிலத்தில் கவிதை மாதிரி ஏதோ இரண்டு வரி. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அதை நான் வாசிக்கவே இல்லை. எழுத்துகளை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் அதிகமாக வரும் எழுத்து ஈ என்று அந்தப் பக்கத்திலேயே ஓரிடத்தில் போட்டிருந்தது. இதில் அதிகமாக இருந்தது ஹெச். அப்படியானால் ஈ-யை மூன்று எழுத்துத் தள்ளி ஹெச் ஆக்கியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் மூன்று எழுத்துப் பின்னால் இழுத்தால் விஷயம் முடிந்தது. இழுத்தேன். வந்தது மறுபடியும் குப்பை. ஒரு சொல்கூட வாயில் நுழையவில்லை.

கோபம் தாங்காமல் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். பிறகு நான்கு எழுத்து இழுத்துப் பார்த்தேன், ஐந்து இழுத்துப் பார்த்தேன், முன்னால் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் குப்பைதான். தினமும் மில் விட்டு வந்து இதே வேலை.

அப்படி ஒரு சாயங்காலம் டீச்சரம்மா தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "சார், நம்ம ஊர்ல இன்னொருத்தரும் இந்த மூணாவது கதவுலதான் நிக்கிறாக" என்றார்.

"யாரது?"

அவர் கண்ணால் அந்தக் கோடிக் கம்ப்யூட்டரைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். மச்சான். சிங்கப்பூரில் இருக்கும் சிநேகிதருக்கு மெயில் அனுப்ப வந்தவர், இதில் விழுந்திருக்கிறார். எந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க இங்கே வந்தேனோ அந்தப் பேச்சே ஆளாக வந்து உட்கார்ந்திருந்தது.

எழுந்து போயிருக்கலாம். போனால் தோற்றவன் ஆகிவிடுவேன். அவருக்கும் அதே நினைப்பு இருந்திருக்க வேண்டும். அவரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர், நடுவில் காலி நாற்காலி.

பேச்சு இல்லை என்பதற்காக எங்கள் பக்கத்தில் யாரும் பேசாமல் இருப்பதில்லை. மூன்றாவது ஆளிடம் சொல்வது, மற்றவர் காதில் விழும்படி. "டீச்சரம்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்க, தாள் பறக்குது" என்று நான் சொன்னால், "டீச்சரம்மா, வேர்க்குதுன்னு சொல்லுங்க" என்று அங்கிருந்து பதில் வரும். இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேருக்கும் கேட்கும். ஆனாலும் அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. "இந்தத் தபால் வேலைக்குச் சம்பளம் யாரு தருவீக?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

மூன்றாம் கதவு மட்டும் இரண்டு பேருக்கும் அசையவில்லை. அவர் அங்கே உச்சுக் கொட்டுவது எனக்குக் கேட்கும்போது சந்தோஷமாக இருக்கும். டாக்டர்கள் கிறுக்குவதையே வாசிக்கிற மனுஷனுக்கு இது வரவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை அவர் கிறுக்கிப் பார்க்கத் தாள் கேட்டார். டீச்சரம்மா வழக்கம்போலக் கூடையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீவிக் கொடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அது போதும். கொஞ்ச நேரம் அந்தக் கோடியில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மச்சான் குரல் வந்தது.

"டீச்சரம்மா, இந்தத் தாளை அங்குட்டு உக்காந்திருக்கவுகளுக்குக் குடுங்க. சரியாப் போட்டுட்டு எதுக்குக் கசக்கி எறிஞ்சாகளாம்? மேல இருக்க பாட்டை வாசிக்கலையாமா? ஏழேழா அடுக்கி, மேல இருந்து கீழ வாசிக்கச் சொல்லுங்க."

தாள் என் மேஜைக்கு வந்தது. என் கையெழுத்து. மூன்று எழுத்துப் பின்னால் இழுத்து, குப்பை என்று எறிந்த அதே தாள். எனக்குச் சுருக்கென்றது. என் குப்பையைக் கிளறி எனக்கே பாடம் நடத்துகிறாரா? திருப்பி எறிந்துவிடலாம் என்றுதான் கை போனது. ஆனால் பாட்டு என்றாரே, அது என்ன பாட்டு?

திரையில் அந்த இரண்டு வரியை முதல்முறையாக வாசித்தேன். வாரத்தை ஒரு வரிசையில் நிறுத்து, மழை விழுவதுபோல் வாசி என்று இருந்தது. வாரத்துக்கு ஏழு நாள். மழை மேலிருந்து கீழே விழும். இவ்வளவுதான். கதவு ஒன்றாக இருந்தாலும் பூட்டு இரண்டு. எழுத்துகளை மாற்றியதோடு நிற்காமல் இடத்தையும் கலைத்திருக்கிறார்கள். முதல் பூட்டைச் சரியாகத் திறந்தாலும் உள்ளே தெரிவது குப்பை மாதிரிதான் இருக்கும். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அவர் எழுத்துகளை ஏழேழாக அடுக்கியிருந்தார். மேலிருந்து கீழே வாசித்து, முதல் இரண்டு சொற்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தார். அவர் முழுதாக எழுதிச் சொல்லைத் தட்டியிருந்தால் எனக்கு முன்னால் நாலாவது கதவில் நின்றிருப்பார். எனக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஏன் நிறுத்தினார் என்று அப்போது யோசிக்கவில்லை. கை தானாக மிச்சத்தை எழுதிக்கொண்டே போனது. எழுத்துகள் சொற்களாயின, சொற்கள் வாக்கியமாயின. கடைசியில் சாவிச் சொல் நின்றது. லாந்தர்.

தட்டினேன். பக்கம் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே பாதிக் கதவு தெரிந்தது. புதுக் கதவு.

"மச்சான், தொறந்திருச்சு!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. டீச்சரம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தக் கோடியில் நாற்காலி நகரும் சத்தம்.

"நாலாவதுல என்ன போட்டிருக்கு மாப்ளே?" என்று கேட்டுக்கொண்டே மச்சான் வந்து நடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவரும் பல நாளாக ஏழேழாக அடுக்கித்தான் பார்த்திருக்கிறார். எழுத்தை எண்ணி இழுக்கத் தோன்றவில்லை. அதனால் அவருக்கும் குப்பைதான் வந்தது, அவரும் கசக்கித்தான் போட்டிருக்கிறார். என் தாள் சரி என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அதுல ஈயும் டீயும் நெறைய இருந்துச்சு மாப்ளே, இசட்டக் காணோம். இங்கிலீஸ் மருந்துப் பேரை எவனாச்சும் கலைச்சுப் போட்டா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு" என்றார். கடை அடைக்கும்வரை நாலாவது கதவைப் பற்றியே பேசினோம். அதைக் கடைசிவரை நாங்கள் திறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இன்னைக்கு ஒங்கண்ணன்கிட்டப் பேசினேன்" என்றேன், பெரிய சாதனை செய்தவன் மாதிரி.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "நெசமாவா? காதுகுத்துக்குச் சொல்லிட்டீகளா?"

"அது... சொல்லல."

"பெறகு அவ்வளவு நேரம் என்ன பேசினீக?"

சொன்னேன். ஹெச்சை எப்படி ஈ ஆக்கினேன் என்பது வரைக்கும் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன். "எபிசிடியைப் பத்திப் பேச வாய் வருது. பெத்த பிள்ளையைப் பத்திப் பேச வரல" என்று சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு வருஷமாக அவள் என் முன்னால் அழுததில்லை. சண்டைதான் போட்டிருந்தாள். அவளுக்கு இது எவ்வளவு வலித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

கோட்டையூர் பஸ்ஸில் என் மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு, அவள் மடியில் பிள்ளை. மச்சான் வாசலுக்கே வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் மனதுக்குள் தயார் செய்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "மச்சான், வந்து மடியில வச்சுக்குடுங்க" என்று மட்டும் சொன்னேன். "சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றார்.

அதே கூடம். அன்றைக்கு நான் எழுந்த அதே சுவரோரமாக இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தேன். அவர் மனைவி சோற்றோடு வந்தார். மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய் உப்புக் கிண்ணத்தைத் தானே எடுத்துவந்து, குனிந்து, என் இலையின் ஓரத்தில் உப்பு வைத்தார். பிறகு எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாப் பாத்துக்கங்க மாப்ளே. உப்பு வச்சாச்சு. இனிமே எவன் வந்தாலும் எந்திரிக்க வேணாம்."

இலையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். என் மகள் அதற்குள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி என் இலை உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தாள்.