சாரல் மாதத்தில் ஓர் அடினியம்

என் கணவர் ஓமனில் வேலை பார்க்கிறார். போன தடவை லீவில் வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு செடியைச் சுற்றிக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் கிழங்கு போலப் பருத்திருந்தது. மேலே நாலைந்து குச்சிகள், அவ்வளவுதான்.

"அடினியம். அங்க பாறையிடுக்குல தானா நிக்கும். தண்ணிய மட்டும் கொட்டிராத புள்ள" என்றார்.

தென்காசியில் ஆனி பிறந்தால் மேற்கே மலை தெரியாது. சாரல் ஜன்னல் வழியாகப் படுக்கைவரை வரும். அதனால் செடியை வீட்டுக்குள்ளேயே வளர்த்தேன். மணலும் உடைத்த செங்கலும் கலந்து தொட்டியை நிரப்பி, கிழக்கு ஜன்னலுக்கு உள்பக்கமாக வைத்தேன். விரலை விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதிகம் பேசவும் மாட்டேன், அவரிடம்கூட. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். செடி வந்தபிறகு "செடியக் காட்டு" என்பார். போனைத் திருப்புவேன். என் முகம் திரையில் இல்லாதபோது எனக்குப் பேச வந்தது. புதுத் துளிரில் ஆரம்பித்து, ஒழுகும் குழாய், என் முட்டிவலி என்று எங்கெங்கோ போகும்.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் இலைகள் பழுத்து உதிர்ந்தன. வெயில் இல்லாவிட்டால் அது அப்படி உதிர்த்துவிட்டு உறங்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் கையில் ஒரு கேனுமாக வந்தாள். கேனில் அருவித் தண்ணீர். அவள் வீட்டில் எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து.

"என்ன மைனி, செடி மொட்டையடிச்சுக் கெடக்கு? அண்ணன் கேட்டா என்ன சொல்லுவிய?"

"அது தூங்குதாம்."

"தூங்குதா? நீங்க தாலாட்டு பாடுதியளாக்கும். இது மூலிகை வேர்ல பட்டு வருத தண்ணி. என் சொறியே போயிட்டு, செடிக்கா கேக்காது?"

வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் கேனைச் சாய்த்துவிட்டாள். ஆசையாகத்தான் ஊற்றினாள். தொட்டிக்குக் கீழே இருந்த தட்டு நிரம்பி வழிந்தது. அவள் டீ குடித்துவிட்டுப் போகும்வரை நான் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் மனம் நோவாள்.

அவள் போனதும் மண்ணை மாற்றினேன். ஃபேனுக்கு அடியில் வைத்தேன், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். துணியே காயாத மாதத்தில் எது காயும்? சில நாளில் கிழங்கின் ஒரு பக்கம், அழுத்தினால் பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. புளித்த வாடை வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நெட் சரியில்லை என்று பொய் சொல்லி, செடியைக் காட்டவில்லை. "சாப்பிட்டியா." "சாப்பிட்டேன்." அதற்குப் பிறகு அவர் அறையில் ஏசி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கத்தியை நெருப்பில் காட்டி, கிழங்கின் அழுகலை வெட்ட ஆரம்பித்தேன். வெள்ளைச் சதை வரும்வரை வெட்ட வேண்டும். வெட்ட வெட்டப் பழுப்புதான் வந்தது. யா அல்லாஹ், கொஞ்சமாவது மிச்சம் வை என்று வாய்விட்டுச் சொன்னேன். கடைசியில் குச்சியோடு எலுமிச்சை அளவு துண்டு மிஞ்சியது. மஞ்சள்தூளைப் பூசிக் காயவைத்தேன்.

அடுத்த வெள்ளி அவர் கேட்டதும் போனைத் திருப்பினேன்.

"தண்ணி ஊத்துனியா?"

உங்கள் தங்கச்சிதான் என்று வாய்வரை வந்தது. "தண்ணி பட்டுட்டு" என்றேன்.

"சரி, விடு. செத்தா சாவட்டும்." நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஏ புள்ள, ஒரு செடிக்கா அழுத?"

"செடிக்கு இல்ல மச்சான். இது போச்சுன்னா உங்ககிட்ட என்னத்தப் பேசன்னு எனக்குத் தெரியல."

அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் திறந்தார்கள். "ரூம்ல ஆள் வருது, வைக்கேன்" என்றார்.

இன்று வியாழக்கிழமை. துண்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே, சூடு வரும் பக்கத்தில் இருக்கிறது. வேர் ஒன்றும் வரவில்லை. காலையிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.