ஹொக்கியனில் சிரிப்பவர்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் மோகனா யாரோ ஒரு ஆளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முகம் என்னவோ அவள் கணவர் அய்யாக்கண்ணுவுடையதுதான். ஸ்ட்ரோக் வந்து மருத்துவமனையில் கண் விழித்தபோது அவரிடம் தமிழ் இல்லை. ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு மட்டும் இருந்தது.

மீசை முளைக்கும் முன்பே சீனர் ஒருவரின் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தவர். அங்கே எல்லோருக்கும் அதுதான் பேச்சு. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. வீட்டில் தமிழ், அதிலும் கொஞ்சம்தான். உப்பு பத்தாது. கதவைச் சாத்து. அவர் குரல் உயர்ந்தால் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

இப்போது ஓயாமல் பேசினார். வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். காலையில் அவளைப் பார்த்ததும் எதையோ கேட்பார். பட்டறைக் கூட்டாளி சாதிக் பார்க்க வந்த அன்றுதான் அது விளங்கியது.

"சாப்பிட்டியான்னு கேக்குறாரு அண்ணி."

"என்னையா?"

"பின்ன? என்னைக் கூப்புடுற பேரே வேற. அதை உங்ககிட்ட சொல்ல முடியாது லா."

பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் உட்கார எல்லோரும் இடம் பிடிப்பார்களாம். முதலாளி போலவே நடந்து காட்டுவாராம். மோகனா கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் அவளிடம் ஒருநாளும் சாப்பிட்டாயா என்று கேட்டவரில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெயந்தி, வீட்டுப் பொருள்களைக் காட்டி தினமும் தமிழில் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருந்தாள். விட்டுவிட்டால் தமிழ் திரும்பாமலே போகலாம் என்றாள். மோகனா தவறாமல் செய்தாள். தட்டு. ஜன்னல். விசிறி. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

ஒரு பிற்பகலில் கண்ணாடிக் கிளாஸ் அவள் கை தவறி விழுந்து உடைந்தது.

"கண்ண எங்க வெச்சிருக்க?"

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. பழைய குரல். மோகனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சற்று நேரத்தில் அவர் மறுபடி ஹொக்கியனில் எதையோ சொல்லிச் சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் அந்தப் பழைய ஆளும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு முதுகைத் திருப்பப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் எதையும் காட்டிச் சொல்லவில்லை. அவர் எதிரில் தமிழே பேசவில்லை. போனில் வரும் அழைப்புகளைக் குளியலறைக்குள் போய்ப் பேசினாள். தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சீன நாடகம் ஓடியது.

அடுத்த தடவை பயிற்சிக்குப் போனபோது ஜெயந்தி கேட்டாள்.

"தமிழ் ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"ஒண்ணும் வரல."

சக்கர நாற்காலியில் இருந்தவர் மெல்லத் திரும்பி மோகனாவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வீடு வந்து சேரும்வரை இரண்டு மொழியிலும் ஒரு சொல் பேசவில்லை.