ரோஸ்லின் அக்காவின் சத்தமில்லாத பதிவுகள்

செய்தி வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் மில்லில் தறிகளுக்கு நடுவே வேலை பார்த்துக் காது மந்தமானவர். போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அன்று கத்தவில்லை.

"ஃபரிதா, உங்கக்கா போய்ட்டாம்மா" என்றார். அவ்வளவுதான். என் பதில் அவருக்குக் கேட்டிருக்காது. 

அக்காவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் பிரெஞ்சு டீச்சர், நான் தமிழ். நான் புதிதாகச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது, தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "இங்க உக்காரு. இங்கதான் ஃபேன் ஒழுங்கா சுத்தும்" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை அதுவே என் இடமாக இருந்தது.

சட்டென்று கோபம் வரும். கோபம் வந்தால் முதலில் பிரெஞ்சிலும், அது எடுபடவில்லையென்றால் தமிழிலும் திட்டுவார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, லேசான லிப்ஸ்டிக், எப்போதும் நிமிர்ந்த நடை. ஒருமுறை நான் வீட்டுச் சண்டையில் அழுதுகொண்டே பள்ளிக்கு வந்துவிட்டேன். "அழுவுறதுன்னா அழு. அப்புறம் மூஞ்சி கழுவிட்டுத்தான் கிளாசுக்குப் போகணும். நம்ம கஷ்டத்தைப் பசங்க பாக்கக் கூடாது" என்றார். அந்த வார்த்தையைத் தன் வாழ்நாள் முழுக்க அவரே கடைப்பிடிப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிட்டார் அவருடைய இன்னொரு பேச்சு. முத்தியால்பேட்டை வீட்டில், பள்ளி விட்டு வந்து காபி குடித்ததும் வாசிக்க உட்காருவார். எல்லாம் அவரே போட்ட மெட்டுகள். எதற்கும் பெயர் கிடையாது. மகன் ஜெரோம் அந்த மெட்டுகளைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை. மாதா கோவிலில் ஞாயிறு பூசையின் பாடல்களுக்கும் அக்காதான் வாசிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு நோய் வந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். ஒரு ஞாயிறு, பூசையில் நன்மை அப்பம் வாங்கிய பின் எல்லாரும் மௌனமாக முழங்காலிட்டிருந்தபோது, அவருடைய மூச்சு மட்டும் இரைந்திருக்கிறது. முன் வரிசையில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்ததாம். அடுத்த வாரம் அவர் போகவில்லை. "வெக்கமா போச்சுடி. சாமியே திரும்பிப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

பிறகு ஆக்சிஜன் மெஷின் வந்தது. சின்ன அலமாரி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்கு வரும். மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். யாராவது கதவைத் தட்டினால், அக்கா குழாயைக் கழற்றி, பூவேலை செய்த மேசைவிரிப்பை மெஷின் மேல் போட்டு மூடிவிட்டுத்தான் திறக்கச் சொல்வார். பிரான்சில் வேலை பார்க்கும் ஜெரோமுக்கு எதுவும் தெரியாது. வீடியோவில் பேசும்போது குழாய் இருக்காது. "சளின்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெரோம் அந்தப் பழைய மெட்டுகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார். வேலைக்குப் போகும் ரயிலில் கேட்கவேண்டுமாம். அக்கா செல்போனில் பதிவு செய்து அனுப்பினார். மகன் சந்தோஷப்பட்டுவிட்டு, "பின்னாடி ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி சத்தம் வருதும்மா. நான் நல்ல மைக் வாங்கித் தரேன்" என்றார்.

வீட்டில் இருந்தபடியே பாடங்களைப் பேசிப் பதிவு செய்கிறவள் என்பதால், மைக் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். ஜெரோம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் பெரிய நிபுணரைப்போல விளக்கினேன். "மேடையில கையில புடிச்சுப் பாடுற மைக் வேணாம். கிட்டாருக்கு கண்டன்சர் மைக்தான் சரி. விரல் கம்பியில உரசுறதுகூடக் கேக்கும். அதோட கம்ப்யூட்டர்ல சேக்கற பெட்டி ஒண்ணும் வேணும்" என்றேன். விரல் உரசுவது கேட்கிற மைக்குக்கு மெஷின் உறுமுவதும் கேட்குமே என்று நான் யோசிக்காமல் இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"மெஷினை மட்டும் எங்கயாவது தள்ளி வைங்கக்கா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போ."

மைக் வந்து சேர்ந்தது. கிட்டாரின் துளைக்கு நேராக வைத்தால் கும்மென்று அடிக்கும். ஆகவே கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி வைத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கனமான போர்வை கட்டினோம். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். இரண்டு நாளில் முதல் பதிவை அனுப்பினார். ஹெட்போனில் கேட்டு அசந்துபோனேன். கம்பி, மரம், விரல். வேறு எதுவும் இல்லை.

"அக்கா, ஒரு சத்தம் இல்ல! இதுதான் மைக்!"

"மெர்சி, மெர்சி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று இருமலானது. அடுத்தடுத்து வந்த பதிவுகளையும் அப்படியேதான் பாராட்டினேன். எந்த அறையில் மெஷினை வைத்திருக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஒரு மாலை, முன்கூட்டிச் சொல்லாமல், பிரியாணி கொடுக்கப் போனேன். சேவியர் அண்ணன் மார்க்கெட் போயிருந்தார். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கிட்டார் கேட்டது. உறுமல் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மெஷின் அதே மூலையில், அதே விரிப்புக்குள், நிறுத்தப்பட்டு நின்றது. குழாய் அக்காவின் மடியில் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெட்டு முடிந்ததும் குனிந்து சுவிட்சைத் தட்டினார். குழாயை மூக்கில் மாட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது என்னைப் பார்த்தார்.

"கத்தாத. ஒரு பாட்டு நேரந்தானே" என்றார், மூச்சுக்கு நடுவே.

கத்தினேன். பிறகு அழுதேன். அவர் வாசிக்கையில் அடைத்துப் பிடித்த மூச்சைத்தான் நான் அத்தனை நாளும் மைக்கின் பெருமை என்று மெச்சியிருக்கிறேன்.

மறுநாளே அந்த மைக்கைக் கழற்றி, நான் பேசிப் பதிவு செய்யும் சாதாரண மைக்கை வைத்தேன். தள்ளியிருக்கும் சத்தத்தை அது அவ்வளவாக வாங்காது. கிட்டாருக்கு மிக அருகில் வைத்தேன். கடையில் கேட்டு நீளமான குழாய் வாங்கி, மெஷினைப் பின்கட்டு அறைக்குத் தள்ளினோம். கிட்டாரின் இனிமை கொஞ்சம் குறைந்தது. உறுமல் மிக லேசாக, காது கொடுத்துக் கேட்டால் மட்டும் தெரிந்தது. அக்கா காது கொடுத்துக் கேட்டார்.

"இன்னும் கேக்குது. சீக்காளி வீட்டு சத்தத்தை எம்புள்ளைக்கு அனுப்ப மாட்டேன்" என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அதன்பின் அவர் பதிவு செய்யவில்லை. மழைக்காலம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பிறகு சேவியர் அண்ணனின் அந்தப் போன் வந்தது. மெஷினை நிறுத்தி வாசித்ததால் இப்படி ஆகவில்லை, நோயே அப்படித்தான் என்றார் டாக்டர். நம்புகிறேன். நம்பியும் தலை நிமிரவில்லை.

அடக்கத்துக்கு ஜெரோம் வந்து சேர்ந்தார். அன்று மாலை, வந்தவர்களுக்கெல்லாம் அம்மாவின் வாசிப்பைப் போட்டுக் காட்டினார். "எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க. ஃபரிதா ஆன்ட்டி சொன்ன மைக்" என்றார். எல்லாரும் என்னை நன்றியோடு பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. "கடைசியில கொஞ்ச நாளைக்கு எடுத்தது" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தார் சேவியர் அண்ணன். ஜெரோமும் நானும் ஆட்டோவில் கொண்டுபோனோம். கடைக்காரர் சரிபார்ப்பதற்காகச் சொருகி, சுவிட்சைத் தட்டினார்.

ஜெரோம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், மெல்லக் கையைத் தளர்த்தினார்.

"ஆன்ட்டி, இது அந்த ஃப்ரிட்ஜ் சத்தம்."

"ஆமாப்பா."

"அப்பவே இது இருந்துச்சா? அப்புறம் அனுப்பினதுல இது இல்லையே?"

சொல்லிவிட்டேன். கடையின் நடுவிலேயே, எல்லாவற்றையும்.

"நான்தானே சத்தம் வருதுன்னு சொன்னேன்" என்றார் ஜெரோம்.

"நான்தானே அந்த மைக்கைச் சொன்னேன்."

"மெஷின் நல்லாருக்கு சார், ஒரு குறையும் இல்ல" என்றார் கடைக்காரர். நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தோம்.  திரும்பி வீட்டு வாசலில் இறங்கியதும் ஜெரோம், "எங்கிட்ட சொல்ற அளவுக்குக்கூட நான் நெருக்கமா இல்லையா ஆன்ட்டி?" என்று கேட்டார். அப்படி இல்லை, தன் கஷ்டத்தை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. ஊருக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

அக்கா, சொல்லக் கூடாது என்று நீங்கள் வாங்கிய வாக்கை நான் மீறிவிட்டேன். உங்கள் மகனிடம் மீறினேன், இப்போது இதைப் படிப்பவர்களிடமும் மீறுகிறேன். வெட்கப்படவேண்டியது மூச்சு வாங்கிய நீங்கள் அல்ல. அந்த மூச்சைக் கேட்க விரும்பாத எங்கள் காதுகள்தான்.

ஒரு வருடம் பள்ளி ஆண்டு விழா முடிந்து கடற்கரைச் சாலையில் எல்லா டீச்சர்களும் நடந்தோம். நீங்கள் முதுகில் கிட்டாரை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் போனீர்கள். உங்களைவிடச் சின்னவர்களான நாங்கள் பின்னால் திணறிக்கொண்டு வந்தோம். நீங்கள் திரும்பி நின்று சிரித்தீர்கள்.

"என்னங்கடி, அதுக்குள்ள மூச்சு வாங்குதா? வாங்க, நான் நிக்கறேன்."

போய் வாருங்கள், அக்கா.